பெயர் எழுதாத சுவிட்ச்

பதினொரு மணிக்குள் சொல்லியாக வேண்டும், இப்போது மணி பத்தாகப் பதினைந்து நிமிடம் இருக்கிறது, ஆக ஒன்றேகால் மணி நேரம், இரண்டு வால்வையும் இரண்டு கண்டென்சரையும் பற்றி ஒரு மனிதன் முடிவெடுக்க ஒன்றேகால் மணி நேரம் தாராளம் என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டு எதிரே வெறுமையாக இருக்கும் மரத்தட்டைப் பார்க்கிறேன். கன்வெர்ட்டர் இருந்த இடத்தில் தூசி படியாத ஒரு நீள்சதுரம் இருந்தது, இந்தப் பத்து நாளில் அதிலும் தூசி ஏறிவிட்டது. கன்வெர்ட்டர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, கம்ப்யூட்டரில் எண்களாகக் கிடக்கும் பாட்டைக் காதுக்குக் கேட்கும் பாட்டாக மாற்றுகிற பெட்டி, அந்த வேலையை இந்தக் காலத்தில் நகமளவு சில்லு ஒன்று போனுக்குள்ளேயே செய்துவிடுகிறது, ஆனால் இந்தப் பெட்டியின் கடைசிப் படியில் இரண்டு வால்வுகள் இருக்கின்றன, பழைய ரேடியோவில் இருந்தது போல, இடப்பக்கத்துக்கு ஒன்று வலப்பக்கத்துக்கு ஒன்று, உள்ளே கம்பி கனன்று ஆரஞ்சு நிறமாகும் வரைக்கும் நாம் காத்திருக்க வேண்டும், அந்தக் காத்திருப்பே எனக்குப் பிடிக்கும். இப்போது அது கோயம்புத்தூர் கணபதிப் பகுதியில் சென்னியப்பனுடைய ரீவைண்டிங் கடையில், எரிந்துபோன பம்ப்செட் மோட்டார்களுக்கு நடுவே, மூடி கழற்றிக் கிடக்கிறது. முன்கடையில் மோட்டாருக்குக் காயில் கட்டுவார், பின்கட்டில் என்னைப்போலச் சிலருக்கு ஆம்ப்ளிஃபயர் பார்ப்பார். இடப்பக்கம் சத்தம் மங்கலாக இருக்கிறது, வால்வை மாற்றலாமா, கண்டென்சரை மாற்றலாமா, எண்கள் உள்ளே நுழைகிற அட்டையையே புதிதாகப் போட்டுவிடலாமா என்று நான் ஒப்பித்ததைக் கேட்டுவிட்டு, "மோட்டார் போச்சுன்னு தூக்கிட்டு வர்றவங்கள்ல பாதிப் பேருக்குக் கெணத்துல தண்ணியே இருக்காதுங் சார், பாத்துட்டுச் சொல்றனுங்" என்றார். நான் சிரித்தேன். ஜெர்மனியில் ஷ்டுட்கார்ட்டிலிருந்து என் யாழ்ப்பாண நண்பன் குகதாசன் இன்றைக்குக் கிளம்புகிறான், மனைவிக்குக் கண்ணில் ஏதோ சிகிச்சை, கோயம்புத்தூரில் செய்தால் நல்லது என்று வருகிறார்கள், அவன் இருக்கும் ஊரில் ஒரு கடையில் அறுபதுகளில் செய்து யாரும் தொடாமல் பெட்டிக்குள்ளேயே தூங்குகிற வால்வு ஒரு ஜோடி இருக்கிறது, செம்புத் தகடு சுற்றிய கண்டென்சரும் இருக்கிறது. எங்கள் பாட்டுப்பெட்டிப் பித்தர் கூட்டத்தில் இதெல்லாம் தபாலில் வராது, யாராவது ஊருக்கு வரும்போது காலுறைக்குள் சுருட்டிக் கைப்பையில்தான் கடல் தாண்டும். 'மச்சான், உம்மட நேரம் பதினொண்டுக்கு முதல் வேணுமோ வேண்டாமோ எண்டு சொல்லும், கடைக்குப் போட்டுத்தான் எயர்போட்டுக்கு வெளிக்கிட வேணும், உம்மட வால்வுக் குமிழ் ரெண்டையும் மடியில வச்சுக் குழந்தைப்பிள்ளை மாதிரிக் கொண்டுவாறன்' என்று காலையிலேயே எழுதிவிட்டான். வேணும் என்று எழுத எத்தனை எழுத்து. மூன்று. இன்னும் எழுதவில்லை.

மூடியைக் கழற்றிச் சென்னியப்பன் அனுப்பிய படத்தைத் திரும்பத் திரும்பப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பழைய பெட்டி வாங்குகிறவனுக்கு முதல் பயம் உள்ளே எவன் கை வைத்திருப்பானோ என்பதுதான், எத்தனை பெட்டிகளில் பார்த்திருக்கிறேன், கருகிய ஈயம், இன்சுலேஷன் டேப், எங்கிருந்து எங்கே போகிறது என்று தெரியாத கம்பிகள். இதற்குள்ளும் ஒரு கை வேலை செய்திருக்கிறது, ஆனால் அது தேவசகாயத்தின் கை. பெங்களூர் காக்ஸ் டவுனில் அவர் வீட்டுக்குப் போய்த்தான் இதை வாங்கிவந்தேன், போன வருடம் ஆடி மாதம். டெலிபோன் இலாகாவில் முப்பத்தெட்டு வருடம், எக்ஸ்சேஞ்சில் ஆயிரக்கணக்கான கம்பிகளை மெழுகு நூலால் கட்டுகட்டாகக் கட்டிய ஆள். அந்த நூல் இந்தப் பெட்டிக்குள்ளும் இருக்கிறது. கம்பிகள் ஒன்றோடொன்று படுத்து, இரண்டு விரல் இடைவெளிக்கு ஒரு முடிச்சு, எல்லா முடிச்சும் ஒரே பக்கம் பார்த்து, வளைகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் நெருங்கி. ஒவ்வொரு பற்றவைப்பையும் சரிபார்த்துவிட்டுச் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி, எள்ளில் பாதி. மூடியின் உட்புறத்தில் பென்சிலால் பொடியெழுத்தில், எந்த வால்வு எந்தத் தேதியில் போட்டது, எந்தத் திருகு எந்தத் துளைக்கு. தானும் கடவுளும் மட்டும் பார்க்கப்போகிற இடத்தில் இவ்வளவு ஒழுங்கு எதற்கு. நான் பதினேழு வருடம் ஜெர்மனியில் இருந்தேன், ஒழுங்கு என்றால் என்னவென்று தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அங்கே ஒழுங்கு என்பது நாளைக்கு இன்னொருவன் வந்து சரிபார்ப்பான் என்பதற்காக, இது அப்படியல்ல. சென்னியப்பனே படத்துக்குக் கீழே எழுதியிருந்தார், முப்பது வருசமா காயில் கட்டறேன் சார், இப்படி ஒரு முடிச்சு எனக்கு விழுந்ததில்லை என்று. புதுக் கண்டென்சர் போட வேண்டுமானால் அந்த நூலை அறுக்க வேண்டும். அங்கேதான் மனம் சிக்குகிறது, அல்லது அங்கே சிக்குகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அன்றைக்கு அவர் வீட்டில் இரண்டு நாற்காலி இருந்தது, நான் ஒன்றில் உட்காரப் போனேன், "இல்ல தம்பி, நீங்க இந்தப் பக்கம் வாங்க" என்று எழுந்து இடம் மாற்றி என்னைத் தன் இடப்பக்கத்தில் உட்காரவைத்தார். விருந்தாளிக்கு நல்ல இடம் தருகிறார் என்று நினைத்தேன். ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "கேட்டாச்சு தம்பி, நல்லாவே கேட்டாச்சு" என்றார். ஒரு மனிதன் எவ்வளவு நிறைந்திருந்தால் இப்படிச் சொல்ல முடியும் என்று ரயிலில் வரும்போதெல்லாம் வியந்துகொண்டே வந்தேன். கிளம்பும்போது பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினார், எல்லாத் துளைக்கும் பெயர் எழுதியிருந்தது, ஓரத்தில் ஒரு சின்ன சுவிட்சுக்கு மட்டும் எழுதவில்லை. "அது கீழேயே கிடக்கட்டும். உங்களுக்கு அது வேண்டாம்" என்றார். எர்த் சம்பந்தமாக ஏதோ என்று விட்டுவிட்டேன். கேட்டிருக்கலாம்.

மங்கல் எப்போது வந்தது. தை மாதம் இருக்கும். ஒரு கச்சேரிப் பதிவு, பாடகி நடுவில், மிருதங்கம் இடப்பக்கம், வயலின் வலப்பக்கம், எத்தனையோ முறை கேட்டது, அன்றைக்கு மிருதங்கத்தின் வலந்தலையில் விரல் பட்டுத் தெறிக்கிற அந்த மீட்டு, கண்ணாடியில் மோதிரம் தட்டினாற்போல் இருக்குமே, அது இல்லை. அடி விழுகிறது, தாளம் இருக்கிறது, மேலே யாரோ துண்டைப் போர்த்தியிருக்கிறார்கள். வால்வுக்கு வயதாகிவிட்டது என்றேன். எங்களுக்கெல்லாம் ஒரு சோதனை உண்டு, சந்தேகம் வந்தால் இடத்து வால்வை வலத்திலும் வலத்து வால்வை இடத்திலும் மாற்றிப்போடு, கோளாறு கூடவே இடம் மாறினால் வால்வு, மாறாவிட்டால் அடுத்ததை மாற்று, அடுத்து வயர், அடுத்து ஸ்பீக்கர், ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போனால் கடைசியில் மிஞ்சுவது குற்றவாளி. பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை தமிழில் படித்து ஒன்பதாவதில் இங்கிலீஷுக்கு மாறினவன் நான், ஒரே பாடத்தை இரண்டு பாஷையில் போட்டுப்பார்த்து எங்கே புரியவில்லை என்று கண்டுபிடிக்கும் பழக்கம் அப்போதே உண்டு, ஆகவே இந்தச் சோதனை எனக்குக் கைவந்தது. வால்வை மாற்றிப்போட்டேன். மங்கல் இடத்திலேயே இருந்தது. அப்படியானால் இடப்பக்கக் கண்டென்சர் என்று சொல்லி அங்கேயே நிறுத்திவிட்டேன். வயரை மாற்றவில்லை. ஸ்பீக்கரை மாற்றவில்லை. ஏன் நிறுத்தினேன். இருபது வருடமாக எந்தப் பெட்டியிலும் பாதிச் சோதனையில் நிறுத்தாதவன். கன்வெர்ட்டர் கடைக்குப் போன இந்தப் பத்து நாளும் இந்த அறையில் ஒரு பாட்டுக்கூடப் போடவில்லை, போனிலிருந்து நேராக வயர் கொடுத்துக் கேட்டிருக்கலாம், போன் சத்தத்தை மனிதன் கேட்பானா என்று மனைவி சுகுணாவிடம் பெருமையாகச் சொன்னேன், அவள், "அந்தப் பொட்டி இல்லாம பத்து நாளா மௌன விரதமாக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். சுகுணா. அவளோடு ஊர் திரும்பிய நாளிலிருந்து காரில்தான் சண்டை. ஜெர்மனியில் பதினேழு வருடம் காரில் பேசாத பேச்சில்லை, வாரக்கடைசியில் நானூறு கிலோமீட்டர் போவோம், அவள் பேசிக்கொண்டே வருவாள், நான் கேட்டுக்கொண்டே ஓட்டுவேன். இங்கே வந்த பிறகு அவினாசி ரோட்டில் ஏறினால் போதும், நான் சொல்றத எங்க காதுல வாங்கறீங்க என்று ஆரம்பித்துவிடும். ஹாரன், பஸ், ஏற்றாமல் விட்ட ஜன்னல் என்று காரணம் வைத்திருந்தேன். அங்கே ஸ்டியரிங் இடப்பக்கம், அவள் என் வலப்பக்கம் உட்கார்ந்திருப்பாள். இங்கே ஸ்டியரிங் வலப்பக்கம், அவள் இடப்பக்கம். இதை இதற்குமுன் நான் யோசித்ததே இல்லை என்று சொன்னால் அது பொய். யோசனை வந்தது, உக்கடம் சிக்னலில், பச்சை விழுந்தது, கியரைப் போட்டுவிட்டேன்.

இன்றைக்குக் காலையில் ஒன்பதரைக்குச் சென்னியப்பன் கூப்பிட்டார். போனை எந்தக் காதில் வைத்தேன், வலது, எப்போதிலிருந்து வலது, ஆபீஸில் இருபது வருடம் இடது காதில் போனை இடுக்கிக்கொண்டு வலது கையால் எழுதினவன், அந்தப் பழக்கம் எப்போது என்னைக் கேட்காமல் மாறியது. அவர் நிதானமாகத்தான் சொன்னார். "ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தானுங் சார் வருது. கண்டென்சரெல்லாம் இன்னும் பத்து வருசம் ஓடும். ஒரு முடி வித்தியாசம் இல்லீங்." ஸ்கோப்பில் அலையை வைத்துப் பார்த்தீர்களா என்றேன். பார்த்தாராம், இரண்டு நாள் பார்த்தாராம். பிறகு, "ஆனா ஒண்ணு கண்டுபுடிச்சனுங்" என்றார். பெயர் எழுதாத அந்தச் சுவிட்ச் எர்த்துக்கு இல்லையாம். வலப்பக்கத்தில் மட்டும் ஒரு சின்னக் கண்டென்சர், இரண்டு ரெசிஸ்டர், மூன்றையும் நூலால் தனியாகக் கட்டிக் கோத்திருக்கிறாராம், சுவிட்சை மேலே தள்ளினால் வலப்பக்கத்தில் மேல்ஸ்தாயிச் சத்தத்தை மட்டும் கொஞ்சம் தூக்கிவிடும், கீழே தள்ளினால் அது இருக்கிற சுவடே தெரியாது. எனக்குள் என்னவோ துள்ளியது. அப்படியானால் வலப்பக்கம் கூடுதலாக ஒலிக்கிறது, அதனால்தான் இடப்பக்கம் மங்கலாகத் தெரிகிறது, அவ்வளவுதானே, பெட்டிதான், பெட்டியேதான், நான் இல்லை. "சுவிட்ச் எப்படி இருந்துச்சு, நான் கொண்டுவரும்போது?" என்று கேட்டேன், என் குரல் எனக்கே சின்னப் பையன் குரலாகக் கேட்டது. "கீழதானுங். கீழ இருந்தா ரெண்டும் சமம்தானுங்." பின்னால் யாரோ மோட்டாரைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார்கள். இந்த எக்ஸ்ட்ராவைக் கழற்றி எறிந்துவிட்டால் பெட்டி சுத்தமாகிவிடும், கழற்றட்டுமா, வால்வும் கண்டென்சரும் வருகிறதா இல்லையா, பதினொரு மணிக்குக் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டார். கிணற்றில் தண்ணீர் இல்லை என்று அவர் சொல்லவில்லை. அந்த மரியாதை அவருக்கு உண்டு.

வேண்டும் என்று எழுதிவிட்டால் என்ன. வால்வு வரும், செம்புக் கண்டென்சர் வரும், நூலை அறுத்துப் புதிதாகப் போடுவோம், ஒரு மாதம் ஆகும் பழக, எல்லாக் கண்டென்சருக்கும் ஒரு மாதம் பழக வேண்டும் என்றுதானே சொல்லிக்கொள்கிறோம், அந்த ஒரு மாதம் நான் நிம்மதியாக இருக்கலாம். பிறகு அடுத்தது ஸ்பீக்கர். அதற்கடுத்தது அறை. என் வயதில் பாதிப் பேர் இப்படித்தான் பெட்டியை மாற்றிக்கொண்டே போகிறார்களோ என்னவோ, மாற்ற முடியாத ஒன்றை நெருங்காமலிருக்க. குகதாசன் மனைவியின் கண்ணைப் பற்றி எவ்வளவு வெளிச்சமாகப் பேசுகிறான், எந்த டாக்டர், எத்தனை நாள் கட்டு, எல்லாம். கண்ணைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், மூக்கின்மேல் கண்ணாடியாகவே போட்டுக்கொண்டு திரிகிறார்கள். காதைப் பற்றி மட்டும் பெட்டியின் பின்னால் கொண்டுபோய் ஒளித்துவைக்கிறோம். தேவசகாயம் என்னை ஏன் இடப்பக்கம் உட்காரவைத்தார் என்று இப்போது தெரிகிறது. நல்ல இடத்தை எனக்குத் தரவில்லை, தன் நல்ல காதை எனக்குத் தந்தார். கேட்டாச்சு தம்பி. அதற்குள் எவ்வளவு இருந்திருக்கிறது, நான் அதை நிறைவு என்று எடுத்துக்கொண்டு ரயிலேறினேன், ஆனாலும் நான் எடுத்துக்கொண்டது தப்பு என்றும் சொல்ல முடியவில்லை. ஒரு மனிதனுக்கு வலது காது மங்குகிறது. அவர் புலம்பவில்லை, ஸ்பீக்கரைக் குறைசொல்லவில்லை, எவ்வளவு குறைகிறது எந்த இடத்தில் குறைகிறது என்று உட்கார்ந்து அளந்திருக்கிறார், சாயங்காலம் சாயங்காலமாக, அதே பாட்டை வைத்து, அந்தக் குறைக்கு நேர் எதிராக மூன்று உருப்படி தேடிப் பற்றவைத்து, நூல் கட்டி, சிவப்புப் புள்ளியும் வைத்திருக்கிறார். புள்ளி வைத்தார் என்றால் சரிபார்த்தார், சரிபார்த்தார் என்றால் அன்றைக்கு அவருக்கு இரண்டு பக்கமும் சமமாகக் கேட்டிருக்கிறது. பிறகு அதுவும் போதாமல் போயிருக்கும். போதாமல் போனதும் விற்றிருக்கிறார், விற்கும்போது ஞாபகமாகச் சுவிட்சைக் கீழே தள்ளியிருக்கிறார், தன் காதை இன்னொருவன் தலையில் கட்டக்கூடாது என்று. இதையெல்லாம் செய்த கை சுவிட்சுக்குப் பெயர் மட்டும் எழுதவில்லை. எல்லாவற்றுக்கும் எழுதினவர். எழுத என்ன இருந்தது, நாலைந்து எழுத்து. எனக்கு மூன்றெழுத்து வரவில்லை, அவருக்கு அது வரவில்லை.

பத்து நாற்பது. எழுந்தேன். போனிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு வயரைச் செருகினேன், அதே கச்சேரியைப் போட்டேன். கன்வெர்ட்டர் இல்லை, வால்வு இல்லை, கண்டென்சர் இல்லை, மிருதங்கத்தின்மேல் அதே துண்டு. சரி. ஸ்பீக்கராக இருக்கலாம் என்று உள்ளே ஒரு குரல், இன்னும் கெஞ்சுகிறது. ஸ்பீக்கரைத் தூக்க வேண்டாம், வயரைப் பிடுங்க வேண்டாம், இதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது, ஆறு மாதமாக எனக்குத் தெரியும், நாற்காலியைத் திருப்பிப்போட வேண்டும், அவ்வளவுதான். தரையில் கால் தேய்ந்து கிறீச்சிட்டது. ஸ்பீக்கர்களுக்கு முதுகு காட்டி, சுவரைப் பார்த்து, காலண்டரைப் பார்த்து உட்கார்ந்தேன். மிருதங்கம் இப்போது என் வலது காதுப் பக்கம். கண்ணாடியில் மோதிரம். ஐயோ, எவ்வளவு நாளாகிவிட்டது. ஒவ்வொரு விரலும் தனித்தனியாக, தோலின் ஓரத்தில், தெறித்துத் தெறித்து, எதுவும் எங்கேயும் போகவில்லை, எல்லாம் அப்படியே இருந்திருக்கிறது, இத்தனை நாளும் அந்த மனிதர் குறையே இல்லாமல் வாசித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். துண்டு இப்போது வயலின்மேல் இருந்தது. துண்டு என்னோடு திரும்பியிருந்தது. பயம் வரும் என்று நினைத்தேன், வந்தது, ஆனால் முதலில் வந்தது அந்த மீட்டு. சுகுணா உள்ளே வந்தது தெரியவில்லை, இடப்பக்கம் நின்று ஏதோ சொன்னாள், உதடு அசைந்தது, சத்தம் நுனி இல்லாமல் வந்தது. "என்ன?" என்றேன். அவள் சுற்றிவந்து வலப்பக்கம் நின்றாள். சுவரைப் பாத்துட்டு உக்காந்து பாட்டுக் கேக்கறது புதுசா இருக்கே என்றாளாம். எனக்கு இடது காது சரியில்லை என்று சொன்னேன். சொல்லிமுடிக்க அவ்வளவு நேரம் ஆகவில்லை. அவள் ஆச்சரியப்படவில்லை. "தெரியும். நடக்கும்போது ஒரு வருசமா நான் எந்தப் பக்கம் வர்றேன்னு நெனைக்கறீங்க?" என்றாள். பாட்டு முடியும் வரை அங்கேயே நின்றாள். திங்கட்கிழமை டாக்டரிடம் போகலாம் என்றாள், போகலாம் என்றேன். வண்டியை அவளே ஓட்டுவதாகச் சொன்னாள். அவள் ஓட்டினால் நான் இடப்பக்கம் உட்கார்ந்திருப்பேன், அவள் என் வலது காதுக்கு வந்துவிடுவாள், இந்தக் கணக்கை அவள் எப்போதோ போட்டுவைத்திருக்கிறாள்.

குகதாசனுக்கு, 'ஒன்றும் வேண்டாம் மச்சான், பத்திரமாக வா' என்று எழுதினேன். பதினொன்றுக்கு ஒரு நிமிடம் முன்னால் போன் அடித்தது. வேண்டுமென்றே இடது காதில் வைத்துப் பார்த்தேன், சென்னியப்பன் போர்வைக்குள்ளிருந்து பேசினார், காதை மாற்றினேன், கடை முழுவதும் உள்ளே வந்தது, சுத்தியல், காயில் சுற்றுகிற மிஷினின் ரீங்காரம், தெருவில் பஸ். என்னங் சார் முடிவு பண்ணுனீங்க, அந்த எக்ஸ்ட்ராவைக் கழட்டிடட்டுங்களா என்றார்.

"கழட்டுங்க," என்றேன். "கழட்டி இடது பக்கம் வெச்சிடுங்க. வேற ஒண்ணும் மாத்த வேண்டாம்."

ரீங்காரம் நின்றது. அவர்தான் நிறுத்தியிருக்க வேண்டும். "இடது பக்கமுங்களா" என்று கேட்டார், கேள்வியாக இல்லாமல். பிறகு, அளவு அவருக்கு இருந்த மாதிரியே உங்களுக்கு இருக்காது, ஒரு நாள் வந்து உட்காருங்கள், பாட்டைப் போட்டு ரெசிஸ்டரை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்வோம், அதுவரைக்கும் நூலை அறுக்காமல் முடிச்சோடு தூக்கி வைக்கிறேன் என்றார். சரி என்றேன். போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

"சுவிட்சு மேல எதாச்சும் எழுதோணுங்களா சார்? அவுரு வெறுமனே உட்டுட்டாருங்."

"இடது காதுன்னு எழுதுங்க."

"பென்சில்லயே எழுதறனுங்," என்றார் சென்னியப்பன். "அவுரு எழுதுனாப்புல."